குறிப்புரை: மூலநிரலுக்குள் எழுதும் ‘கமென்ட்’டுக்குத் தமிழ்ச் சொல்

மென்பொருள் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொற்களில் ஒன்று ‘கமென்ட்’. நிரல் வரிகளுக்கு நடுவே, மனிதர்கள் படிப்பதற்கென்றே எழுதி வைக்கும் வரிகள் அவை. நிரலை இயந்திரத்துக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் அவற்றைக் கண்டுகொள்ளாது. சி மொழியில் /* என்று தொடங்கி */ என்று முடிப்போம். சி++ மொழியில் // போட்டால் அந்த வரியின் மிச்சமெல்லாம் கமென்ட். பைத்தானில் # போதும். இதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால் பெரும்பாலும் ‘கருத்து’ என்றே பதில் வருகிறது. இந்த இடத்துக்கு அது பொருந்தாது. ‘குறிப்புரை’தான் சரியான சொல். ஒரு முகவரி ஏட்டு லைப்ரரியை (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பை) வைத்தே இதைக் காட்டிவிடலாம்.

லினக்ஸ் இயங்குதளம் பழகியவர்களுக்கு, அதற்கான மேசைச் சூழலையும் செயலிகளையும் உருவாக்கும் கேடிஈ திட்டம் தெரிந்திருக்கும். அதன் முகவரி ஏட்டு லைப்ரரிக்கு கேஏபிசி என்று பெயர். பிற்பாடு அது கேகான்டாக்ட்ஸ் ஆனது. ஓர் ஆளின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, வீட்டு முகவரி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் வகுப்புக்கு (தகவலையும் அதைக் கையாளும் நிரலையும் ஒன்றாகக் கட்டிய ‘கிளாஸ்’) அதில் ‘அட்ரஸ்ஸி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி லைப்ரரிகளில் செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) அச்சில் வார்த்தது போல இருக்கும்: மின்னஞ்சலைச் சேர், நீக்கு, பட்டியலிடு, தொலைபேசி எண்ணைச் சேர், நீக்கு, பட்டியலிடு. ஒன்றை எழுதி முடித்ததும் அதை நகலெடுத்துப் பெயரை மாற்றி அடுத்ததைச் செய்வது எல்லோருக்கும் உள்ள பழக்கம். நிரலுக்குள் ஒரு பெயரை மாற்ற மறந்தால் பல நேரம் கம்பைலர் பிடித்துக் கொடுத்துவிடும். மேலே உள்ள கமென்டை மாற்ற மறந்தால் கேட்க ஆளில்லை. அப்போது இப்படி ஒன்று உருவாகும் (தமிழில் எழுதிக் காட்டுகிறேன்):

/*
 * மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்கும்.
 * ஏற்கெனவே இருந்தால் இரண்டாம் முறை சேர்க்காது.
 */
தொலைபேசி_எண்ணைச்_சேர்(எண்)

முதல் வரியின் தவறு பார்த்தவுடனே தெரிந்துவிடும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டாவது வரிதான் ஆபத்து. கேஏபிசியில் மின்னஞ்சலைப் பொறுத்தவரை அது உண்மை. தொலைபேசி எண்ணுக்கு விதி வேறு: அதே அடையாளக் குறி (ஐடி) கொண்ட எண் ஏற்கெனவே இருந்தால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். ‘சேர்க்காது’ என்பதை நம்பி ஒருவர் நிரல் எழுதினால், அதைப் பயன்படுத்துகிறவரின் பழைய எண் சத்தமில்லாமல் போய்விடும். நிரல் சொன்னதைத்தான் செய்தது. தவறு உரையில்.

சரி, ‘கமென்ட்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? இலத்தீனில் ‘கொம்மினிஸ்கி’ என்றொரு வினை உண்டு. மனத்தில் யோசித்து ஒன்றைப் புனைந்து உருவாக்குவது என்று பொருள். மனத்தைக் குறிக்கும் ‘மென்ஸ்’ என்ற சொல்லுக்கு உறவு. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘கொம்மென்டும்’. பழைய இலத்தீனில் அது கற்பனையையும், சில இடங்களில் பொய்யையுமே குறித்தது. பிற்கால இலத்தீனில்தான் ஒரு நூலுக்கு எழுதும் விளக்கம் என்ற பொருள் அதற்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனதும் இந்த விளக்கப் பொருளோடுதான். ஒன்றைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சொல்வது என்பதெல்லாம் அதற்கப்புறம் கிளைத்தது.

கணினி மொழிகள் எடுத்துக்கொண்டதும் விளக்கப் பொருளைத்தான். 1960-இல் வெளிவந்த அல்கால் 60 மொழியில் ‘கமென்ட்’ என்ற சொல்லையே எழுதி, அரைப்புள்ளி வரும்வரை விளக்கத்தைத் தொடரலாம். ஃபோர்ட்ரான் மொழியில், ஒரு வரிக்கு ஓர் அட்டையாக நிரலைத் துளையிட்டு எழுதிய துளையட்டையின் முதல் கட்டத்தில் ‘கமென்ட்’டின் முதலெழுத்தான ‘சி’ இருந்தால் அந்த அட்டை முழுவதும் கமென்ட். பேசிக் மொழியோ ‘ரிமார்க்’ என்பதைச் சுருக்கி ‘ரெம்’ என்று வைத்துக்கொண்டது.

தமிழுக்கு வருவோம். வலைப்பதிவுகள் பரவிய காலத்தில் வாசகர்கள் பதிவின் கீழே எழுதுவதற்குப் ‘பின்னூட்டம்’ என்ற சொல் அழகாக நிலைபெற்றது. சமூக ஊடகங்களில் ‘கருத்து’ வந்தது. இரண்டும் அந்தந்த இடத்துக்குப் பொருத்தம். அங்கே வாசகர் தன் மனத்தில் பட்டதைச் சொல்கிறார். நிரலில் எழுதுவது அப்படிப்பட்டதல்ல. தொலைபேசி எண் மாற்றி வைக்கப்படும் என்பது யாருடைய கருத்தும் இல்லை. அந்த நிரல் அப்படி நடக்கிறது, அவ்வளவுதான். கருத்தில் உடன்படலாம், முரண்படலாம். மேலே காட்டிய வரியில் உடன்பாட்டுக்கே இடமில்லை, அது வெறும் பிழை. ‘கருத்துத் திருத்தம்’ என்று ஒரு மாற்றத்துக்குப் பெயர் எழுதினால், யாரோ தன் கொள்கையை மாற்றிக்கொண்டார் என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும்.

நமக்கோ இதற்கென்று ஒரு பழைய ஏற்பாடே இருக்கிறது. ‘மூலமும் உரையும்’ என்று அட்டையில் அச்சிட்ட புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சோர்ஸ் கோடை மூலநிரல் என்கிறோம். மூலம் இருந்தால் பக்கத்தில் உரை இருக்க வேண்டியதுதானே? உரையின் உறுப்புகளாக நன்னூல் பதினான்கைச் சொல்கிறது: பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள், தொகுத்துரை, உதாரணம், வினா, விடை என்று நீளும் அந்தப் பட்டியல். கவனியுங்கள், கருத்து அந்தப் பதினான்கில் ஒன்று மட்டுமே. அங்கேயும் அதற்கு நூற்பாவின் உட்பொருள் என்றுதான் பொருள், உரைகாரரின் அபிப்பிராயம் என்றல்ல.

உரையிலும் எந்த உரை? சொல்லுக்குச் சொல் பொருள் எழுதும் பதவுரை நிரலுக்கு உதவாது. ‘எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘ஒன்றைக் கூட்டுகிறோம்’ என்று எழுதுவது வீண்வேலை. சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை என்று ஒன்று உண்டு. கடினமான இடங்களில் மட்டும் நின்று பொருள் சொல்லிப் போகும். நிரலுக்கு வேண்டியது அந்த அளவுதான். அதைக் குறிக்கப் புழக்கத்தில் உள்ள எளிய சொல் குறிப்புரை. வெறும் ‘குறிப்பு’ போதாதா என்று சிலர் கேட்பார்கள். குறிப்பு என்றால் மருந்துக்குறிப்பு, நாட்குறிப்பு என்று தனியாகவே நிற்கும். உரை அப்படி நிற்காது. அதற்கு ஒரு மூலம் வேண்டும், அந்த மூலத்துக்கு அது பொறுப்பாக இருக்க வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. திருக்குறளின் மூலம் மாறாது. பரிமேலழகர் எழுதியது அன்று எதைப் பற்றியதோ இன்றும் அதைப் பற்றியதுதான். நிரலின் மூலமோ வாரத்துக்கு வாரம் மாறும், உரை பழைய இடத்திலேயே நிற்கும். சில சமயம் நிரல் மாறாமலேயே உரை பழசாகிவிடும். முகவரி ஏடுகள் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ளும் விகார்ட் வடிவத்தைப் பாருங்கள். 1998-இல் வந்த 3.0 பதிப்பில் பெயரைப் பகுதி பகுதியாகச் சொல்லும் புலம் (ஃபீல்ட்) கட்டாயம். 2011-இல் வந்த 4.0 பதிப்பில் அது விருப்பத்துக்கு விடப்பட்டது. முழுப்பெயர் மட்டும் கட்டாயம். பிறந்தநாளை ஆண்டு இல்லாமல், மாதமும் தேதியுமாக மட்டும் எழுதவும் 4.0 இடம் தருகிறது. ‘இந்தப் புலம் எப்போதும் இருக்கும்’, ‘இது எப்போதும் முழுத் தேதி’ என்று பழைய பதிப்பைப் பார்த்து எழுதிய குறிப்புரைகளையெல்லாம் தேடிப் பிடித்துத் திருத்தியாக வேண்டும்.

பெயர்ப் புலத்தில் இன்னொரு வழக்கமான பிழை உண்டு. விகார்ட் அதைக் குடும்பப்பெயர், இடுபெயர், கூடுதல் பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என்று வரிசைப்படுத்துகிறது. குறிப்புரை எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் குடும்பப்பெயரைக் ‘கடைசிப் பெயர்’ என்று எழுதிவிடுவார். ஜப்பானியரும் ஹங்கேரியரும் தங்கள் மொழியில் குடும்பப்பெயரை முதலில் சொல்கிறவர்கள். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயரே கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். ‘கடைசி’ என்ற ஒரு சொல்லால் இத்தனை பேரின் பதிவும் தவறான புலத்தில் போய் விழும்.

இன்று டாக்சிஜென் போன்ற கருவிகள் குறிப்புரைகளைத் திரட்டி அப்படியே கையேட்டுப் பக்கங்களாக ஆக்கிவிடுகின்றன. கேடிஈயின் லைப்ரரிக் கையேடுகள் அந்த வழியில்தான் உருவாகின்றன. செயற்கூறுக்குக் கொடுக்கும் மதிப்பான அளபுருவின் (பாராமீட்டர்) பெயரை மாற்றிவிட்டுக் குறிப்புரையை அப்படியே விட்டிருந்தால் டாக்சிஜென் எச்சரிக்கும். சொன்ன விஷயம் உண்மையா என்று அதற்குத் தெரியாது, அதை ஒரு மனிதர்தான் நிரலையும் உரையையும் சேர்த்துப் படித்துப் பார்க்க வேண்டும். நிரல் எழுதத் தயங்குகிற புதியவர்கள் ஒரு திட்டத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பேன்.

‘கமென்ட் அவுட்’ என்று ஒரு வழக்கு உண்டு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் வரியின் முன்னால் குறிப்புரைக் குறியைப் போட்டு, கம்பைலர் கண்ணிலிருந்து மறைப்பது அது. அங்கே விளக்கம் எதுவும் இல்லாததால் அதைக் குறிப்புரை என்று சொல்லக் கூடாது. ‘வரியை முடக்குதல்’ என்பது தெளிவு. இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு சாட்சி. 2006-இல், சோதனைக் கருவி ஒன்றின் எச்சரிக்கையை நீக்குவதற்காக டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க லைப்ரரித் தொகுப்பில் சில வரிகளை முடக்கினார்கள். மறைச்சாவிகளுக்குத் தேவையான தற்போக்குத்தன்மை (யாரும் ஊகிக்க முடியாத தன்மை) அதோடு போயிற்று. அந்தத் தொகுப்பில் உருவான சாவிகள் ஊகித்துவிடக் கூடியவை என்று 2008 மே மாதம்தான் அறிவிப்பு வந்தது.

ஆகவே மாற்றங்களைப் பதியும்போது குறிப்புரைத் திருத்தத்தையும் வரி முடக்கத்தையும் ஒரே கமிட்டில் (ஒரே பதிவில்) கலக்காமல் இருப்பது நல்லது. ‘குறிப்புரைத் திருத்தம், நிரலில் மாற்றம் இல்லை’ என்று ஒரு கமிட். ‘வரி முடக்கம்’ என்று காரணத்தோடு இன்னொன்று. முதலாவதைச் சரிபார்ப்பவர் வாசகங்களை மட்டும் பார்த்தால் போதும், இரண்டாவதற்குச் சோதனைகளை முழுவதும் மறுபடி ஓட்டச் சொல்லலாம்.