வெப்ப ஏற்புத்திறனும் ‘வெப்பம் தாங்கும் திறனும்’

பிளாஸ்டிக் தரவு அட்டைகளைத் தமிழாக்குகிறவர்கள் கைவிட மறுக்கும் ஒரு வரி உண்டு: ‘வெப்பம் தாங்கும் திறன்: 1900’. அலகைக் கூடச் சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். அந்த எண் வெப்ப ஏற்புத்திறனுக்கு, அதாவது ஆங்கிலத்தில் ‘ஹீட் கபாசிட்டி’ என்பதற்கு உரியது. ஒரு கிலோ பொருளின் வெப்பநிலையை ஒரு கெல்வின் உயர்த்த எத்தனை ஜூல் வெப்பம் தர வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. அந்தப் பொருள் எத்தனை டிகிரி வரை கெடாமல் நிற்கும் என்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதனால் வரும் கேடு சிறியதல்ல. எல்.டி.பி.இ. எனப்படும் அடர்த்தி குறைந்த பாலிதீனுக்கு இந்த மதிப்பு சுமார் 2200. தோசைக்கல்லில் பூசும் டெஃப்லானுக்குச் சுமார் 1000. ‘தாங்கும் திறன்’ என்று படிப்பவர் பாலிதீன்தான் இரு மடங்கு வலுவானது என்று முடிவு கட்டுவார். நடப்பிலோ பாலிதீன் 110 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகி ஓடும். டெஃப்லான் 260 டிகிரியில் தொடர்ந்து வேலை செய்யும். பொறியாளர் கண்ணில் பட்டால் சிரித்துவிட்டுப் போவார். பாவம், பொருள் வாங்கப் போகிறவர் என்ன செய்வார்?

மூலச்சொல்லின் கதை சுருக்கமானது. 18-ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் சோதனைகள் செய்த காலத்தில், வெப்பம் என்பது பொருளுக்குள் புகுந்து தங்கும் ஒருவகைப் பாய்மம் என்ற எண்ணம் பரவியிருந்தது. அதனால் ‘கொள்ளுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து பிறந்த ‘கபாசிட்டி’ வழக்குக்கு வந்தது. பாய்மக் கொள்கை மாண்டது, சொல் நிலைத்துவிட்டது.

இலங்கைப் பாடநூல்களின் ‘வெப்பக் கொள்ளளவு’ அந்த மூலத்துக்கு நேர்மையான ஆக்கம். ஆனால் தமிழ்நாட்டில் கொள்ளளவு என்றால் தண்ணீர்த் தொட்டியின் லிட்டரும் அணையின் டி.எம்.சி.யும்தான் நினைவுக்கு வரும். கன அளவோடு குழம்ப வாய்ப்பு உண்டு. ‘ஏற்பு’ என்னும்போது கொடுப்பதும் பெறுவதும் புலப்படுகின்றன. வெப்பம் இடம் மாறும் ஆற்றல் என்ற இன்றைய அறிவியலுக்கு அதுவே பொருத்தம். என் வாக்கு ஏற்புத்திறனுக்கே.

உண்மையான பகை, இதே கருத்துக்குச் சிலர் எழுதும் ‘வெப்பத் திறன்’. தமிழ்நாட்டு இயற்பியலில் திறன் என்றால் வாட்டில் அளப்பது. இலங்கையில் அதை வலு என்பார்கள். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் இன்ஜெக்ஷன் மோல்டிங் எந்திரத்தின் கையேட்டில், உருக்கும் குழாயைச் சூடாக்கும் பேரல் ஹீட்டரின் ‘வெப்பத் திறன்’ கிலோவாட்டில் இருக்கிறது, அதே பக்கத்தில் பிளாஸ்டிக்கின் ‘வெப்பத் திறன்’ ஜூலில் இருக்கிறது. எதை எதோடு வகுப்பது? ‘ஏற்புத்திறனிலும் திறன் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கட்டும். மின்தேக்குத்திறனை யாரும் வாட் என்று எண்ணுவதில்லை. முன்னால் நிற்கும் சொல் காவல் காக்கிறது.

இன்னொரு கொடுமை, ‘ஸ்பெசிஃபிக் ஹீட் கபாசிட்டி’க்கு எந்திர மொழிபெயர்ப்பு பெற்றெடுத்த ‘குறிப்பிட்ட வெப்பத் திறன்’. யார் குறிப்பிட்டது, எங்கே குறிப்பிட்டது? ஓர் அலகு நிறைக்குரியது என்பதே அங்கே பொருள். அதற்கு ‘தன்’ என்ற முன்னொட்டு பாடநூல்களில் எப்போதோ நிலைபெற்றுவிட்டது: தன்வெப்ப ஏற்புத்திறன். பிளாஸ்டிக்குக்குத் தமிழ் நெகிழியா ஞெகிழியா என்று மல்லுக்கு நிற்கும் அன்பர்கள் இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம்.

சொல் சரியானாலும் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கக் கூடாது. எச்.டி.பி.இ. எனப்படும் அடர்த்தி மிகுந்த பாலிதீனை 25 டிகிரியிலிருந்து 220 டிகிரிக்குச் சூடேற்ற 1900-ஐ 195-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 370 கிலோஜூல் வரும். உண்மையில் தேவைப்படுவது சுமார் 670. சூடேறச் சூடேற ஏற்புத்திறனும் கூடுகிறது. 130 டிகிரியைத் தாண்டும்போது படிகப் பகுதிகள் உருகச் சுமார் 200 கிலோஜூல் தனியாகச் செலவாகிறது. அது உள்ளுறை வெப்பம், இலங்கையில் மறைவெப்பம். உள்ளே போன அத்தனை வெப்பத்தின் பெரும்பகுதியையும் அச்சு வழியாக வெளியே எடுத்தாக வேண்டும். 370-ஐ நம்பி, அச்சைக் குளிர்விக்கும் சில்லர் எந்திரத்தை வாங்கினால் பொருள் இறுகாமல் வெளிவந்து கோணும், கூலிங் டைம் நீளும். பாலிஸ்டைரீன் படிகமாகாத வகை. உருகு வெப்பம் கிடையாது, அதே ஏற்றத்துக்குச் சுமார் 350 கிலோஜூல் போதும்.

ஆகவே தமிழில் எழுதும்போது ‘தன்வெப்ப ஏற்புத்திறன், 23 டிகிரி செல்சியஸில், மாறா அழுத்தத்தில்’ என்று வெப்பநிலையையும் சேர்த்தே எழுத வேண்டும். அலகு ஜூல்/கிலோகிராம் கெல்வின். பழைய அட்டவணையில் பாலிதீனுக்கு 0.55 என்று இருந்தால் மிரள வேண்டாம். அது கிராமுக்குக் கலோரிக் கணக்கு. 4184-ஆல் பெருக்கினால் 2300 வரும்.