ஷெக்கிளை நீட்டினால் ஜீப்பில் எவையெல்லாம் மாறுகின்றன?

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் நெற்செய்கையில் ஈடுபட்டிருக்கும் வாசகர் ஒருவர் கடந்த வாரம் இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார். வயலோரச் சேற்றிலும் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணலிலும் புதையாமல் ஓட வேண்டும் என்பதற்காகத் தம்முடைய பழைய ஜீப்பைச் சற்று உயர்த்த விரும்பிய அவர், நான்கு சக்கரங்களின் ஸ்பிரிங்குகளையும் வண்டியின் சட்டகத்தோடு இணைக்கும் ஷெக்கிள்களைக் கழற்றிவிட்டு, அவற்றைக் காட்டிலும் இரண்டு அங்குலம் நீளமானவற்றைப் பூட்டியிருக்கிறார். இரண்டு அங்குலம் நீட்டியும் வண்டி ஏறத்தாழ ஓர் அங்குலம் மட்டுமே உயர்ந்தது ஏன் என்பது அவருடைய முதற் கேள்வி. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் முன்பெல்லாம் கையை விட்டால் தானாகவே நேருக்கு வந்துவிடும், இப்போது இழுத்துத் திருப்பினாலன்றி வருவதில்லை, இதற்கும் ஷெக்கிளுக்கும் தொடர்பு உண்டா என்பது இரண்டாவது கேள்வி. வண்டியை நேரில் பார்த்துவிட்டு எழுதுவதே முறை என்று எண்ணி, பாலையூற்றில் அவர் அதை விட்டிருந்த கராஜுக்கே போய்வந்தேன்.

தகட்டு ஸ்பிரிங் எல்லோரும் அறிந்ததுதான். ஒரு லொறியின் அடியில் குனிந்து பார்த்தால், நீளமான முதல் தகட்டின் கீழே படிப்படியாகக் குறுகிவரும் தகடுகள் ஒன்றாக அடுக்கப்பட்டு, நடுவில் யூ போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வளைக்கும் விசையின் தாக்கம் நடுவில் மிகுதியாகவும் முனைகளில் குறைவாகவும் இருப்பதால் நடுப்பகுதி தடித்திருக்க வேண்டும், அதற்காகவே அந்த அடுக்கு. முதல் தகட்டின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கண்கள் என்பார்கள். ஒரு கண் வண்டியின் சட்டகத்தோடு நேரடியாகப் பூட்டப்பட்டிருக்கும். மற்றக் கண் சட்டகத்தைத் தொடுவதே இல்லை. இரண்டு இரும்புப் பட்டிகளாலான ஊஞ்சல் ஒன்றின் கீழ் முனையில் அது இருக்கும், ஊஞ்சலின் மேல் முனை சட்டகத்தில் இருக்கும். அந்த ஊஞ்சலே ஷெக்கிள்.

ஊஞ்சல் எதற்கு என்பதை ஒரு மூங்கிற் கீற்றை வைத்தே கண்டுகொள்ளலாம். ஒரு மீற்றர் நீளமுள்ள கீற்றை வில்லாக வளைத்துத் தரையில் நிறுத்தி, நடுவை மெல்ல அழுத்துங்கள். வில் தட்டையாகத் தட்டையாக அதன் இரு முனைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். ஜீப்பின் ஸ்பிரிங்கும் அப்படித்தான், ஒவ்வொரு பள்ளத்திலும் நீண்டு, ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் குறுகுகிறது. இரு கண்களையும் சட்டகத்தோடு அசையாமல் பூட்டிவிட்டால் தகடு நீள வழியில்லாமல் இறுகிப்போகும். எவ்வளவு நீளும் என்பதைப் பாடசாலைக் கணிதமே சொல்லிவிடும். வளைவின் உயரத்தை வர்க்கித்து, அதை 8ஆல் பெருக்கி, தகட்டின் நீளத்தின் மூன்று மடங்கால் வகுத்தால், அந்த வில் முற்றிலும் தட்டையாகும்போது கண்கள் எவ்வளவு விலகும் என்பது உத்தேசமாகக் கிடைக்கும். ஒரு மீற்றர் நீளத் தகடு 150 மில்லிமீற்றர் வளைந்திருந்தால் விடை 60 மில்லிமீற்றர். வளைவு 150இலிருந்து 100க்குக் குறையும்போது 33 மில்லிமீற்றர் நீளும் அதே தகடு, 50இலிருந்து முற்றிலும் தட்டையாகும்போது 7 மில்லிமீற்றரே நீளும். வளைவு கூடிய ஸ்பிரிங்கே ஷெக்கிளை அதிகமாக ஆட்டுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகரின் முதற் கேள்விக்கு விடை எளிது. தரையில் கிடக்கும் ஏணியின் ஒரு முனையை இரண்டு அடி தூக்கினால் அதன் நடுப்பகுதி ஓரடிதான் உயரும். ஷெக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் மட்டும் இருக்கிறது, அச்சோ நடுவில் இருக்கிறது. ஒரு முனையில் கூட்டிய இரண்டு அங்குலத்தில் பாதிதான் வண்டிக்கு உயரமாக வந்து சேரும். மறுபாதி ஸ்பிரிங்கைச் சாய்க்கும் வேலையைச் செய்திருக்கிறது, அந்தச் சாய்வுதான் இரண்டாவது கேள்விக்கும் காரணம்.

அதற்குள் போவதற்கு முன், வாசகர் கேட்காத ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சிறிய இரும்புத் துண்டின் உண்மையான அழகு அதில்தான் இருக்கிறது. ஷெக்கிள் தொங்கிக்கொண்டு ஆடும் வெறும் இணைப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே ஸ்பிரிங் கடினமாகவும் மென்மையாகவும் நடந்துகொள்ளும்.

ஊஞ்சற் பலகை நேர்கீழே தொங்கும்போதுதான் தரைக்கு மிக அருகில் இருக்கிறது, முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அது உயர்கிறது. ஷெக்கிளின் கீழ் முனையிலுள்ள கண்ணும் அதே வட்டத்தில்தான் ஆடுகிறது. 100 மில்லிமீற்றர் நீளமுள்ள ஷெக்கிள் ஒன்று, கீழ் முனை ஸ்பிரிங்கின் நடுவை நோக்கி 30 பாகை உட்புறமாகச் சாய்ந்து நிற்பதாகக் கொள்வோம். இப்போது மேல் போல்ட்டுக்கும் கண்ணுக்கும் இடையிலான செங்குத்துத் தூரம் 87 மில்லிமீற்றர். பள்ளத்தில் விழுந்து ஸ்பிரிங் நீளும்போது கண் 50 மில்லிமீற்றர் வெளியே தள்ளப்பட, ஷெக்கிள் நேராக நிமிர்கிறது, அந்தத் தூரம் முழு 100 மில்லிமீற்றராகிறது. அதாவது, பாரம் வண்டியைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும் அதே கணத்தில், நிமிரும் ஷெக்கிள் சட்டகத்தின் அந்த முனையை 13 மில்லிமீற்றர் மேலே தூக்குகிறது. இறங்க வேண்டிய வண்டி அந்த அளவுக்கு இறங்க மறுப்பதால், உள்ளே இருப்பவருக்கு ஸ்பிரிங் கடினமாகத் தோன்றுகிறது. இனி அதே ஷெக்கிள் நேராக நிற்கும் நிலையிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக 30 பாகை சாய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கண் அதே 50 மில்லிமீற்றர் நகர்கிறது, ஆனால் இம்முறை அது வட்டத்தில் மேலேறுகிறது, சட்டகத்தின் முனை 13 மில்லிமீற்றர் கூடுதலாகக் கீழிறங்குகிறது. ஸ்பிரிங் மென்மையாகிவிட்டது போல் இருக்கும்.

முன்னர் சொன்ன ஒரு மீற்றர்த் தகட்டையே எடுத்துக் கணக்கிட்டால், அதன் வளைவு 88 மில்லிமீற்றர் குறையும்போது கண்கள் 50 மில்லிமீற்றர் விலகும். ஷெக்கிள் உட்புறச் சாய்விலிருந்து நிமிர்ந்தால் அச்சுக்கு நேரே வண்டி 81 மில்லிமீற்றர்தான் இறங்கும், நேர் நிலையிலிருந்து வெளிப்புறம் சாய்ந்தால் 95 மில்லிமீற்றர் இறங்கும். தகடு அதே தகடு, அது வளைந்த அளவும் அதே அளவு, ஆனால் இறக்கத்தில் 14 மில்லிமீற்றர் வேறுபாடு. நீட்சி விசைக்கு விகிதசமமானது என்று 1678ஆம் ஆண்டில் ரொபர்ட் ஹூக் வெளியிட்ட விதியை நாமெல்லோரும் பாடசாலையில் நேர்கோட்டு வரைபடமாக வரைந்திருக்கிறோம். அந்த நேர்கோட்டை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைத்துவிடும் ஆற்றல் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் ஆடும் ஒரு பட்டிக்கு இருக்கிறது என்பதை முதன்முறை கணக்கிட்டுப் பார்த்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கராஜில் பக்கத்தில் நின்ற வேறொரு ஜீப்பில் இதன் மறுபக்கம் தெரிந்தது. உயரத்துக்காக அதன் தகடுகளுக்கு வளைவைக் கூட்டியிருந்தார்கள். வளைவு கூடினால் கண்கள் நெருங்கும், ஷெக்கிள் உட்புறமாக மடியும், வண்டி கல்வீதியில் தூக்கித் தூக்கிப் போடும். தகடு பலமானது, அதனால்தான் இப்படி என்று அதன் உரிமையாளர் பெருமையுடன் சொன்னார். தூக்குக்குண்டு ஒன்றை மேல் போல்ட்டில் கட்டித் தொங்கவிட்டு, மாணவர் பயன்படுத்தும் பாகைமானியை வைத்து அளந்து காட்டினேன். உட்புறச் சாய்வு மிகுந்த ஷெக்கிளில் இன்னொரு அபாயமும் உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரமாகத் தொங்கும்போது ஸ்பிரிங் மேலும் வளைந்து கண்ணை உள்ளே இழுக்கும், ஷெக்கிளும் முதல் தகடும் ஒரே கோட்டுக்கு வந்து, பிறகு மறுபக்கம் மடிந்து சிக்கிக்கொள்ளக்கூடும். சக்கரம் மீண்டும் தரையைத் தொடும்போது ஷெக்கிள் திரும்பி வராமல் தகட்டையே முறிக்கப் பார்க்கும்.

வாசகரின் வண்டியில் கழற்றிய பழைய ஷெக்கிள்களின் போல்ட் துளைகளுக்கிடையே 100 மில்லிமீற்றர் இருந்தது, புதியவற்றில் 150. முன்பு 30 பாகை வெளிப்புறம் சாய்ந்து நின்றிருக்கக்கூடிய ஷெக்கிள் நீண்டதும் 20 பாகைக்கு நிமிர்ந்திருக்கிறது, கண் கீழே இறங்கியதேயன்றி முன்பின்னாக நகரவில்லை. ஆகவே சவாரி மிகச் சிறிதே கடினமாகியிருக்கும்.

இனி ஸ்டியரிங். சைக்கிளின் முன் கவையைப் பக்கவாட்டில் பாருங்கள். அதன் மேற்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சக்கரம் திரும்பும் அந்த அச்சைத் தரைவரை நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். சக்கரம் எப்போதும் அந்தப் புள்ளியின் பின்னால் இழுபட்டே வருவதால் தானாக நேராகிறது. ஜீப்பில் இந்தச் சாய்வைக் காஸ்டர் கோணம் என்பார்கள், பழைய ஜீப்புகள் பலவற்றில் அது ஒரு சில பாகைகள்தான். வாசகரின் ஜீப்பில் முன் ஷெக்கிள்கள் பம்பருக்கு அடுத்தாற்போல் ஸ்பிரிங்கின் முன் முனையில் இருக்கின்றன. நீண்ட ஷெக்கிள் அந்த முன் முனையைச் சட்டகத்திலிருந்து ஏறத்தாழ 55 மில்லிமீற்றர் கீழே தள்ளியிருக்கிறது. ஒரு மீற்றர் நீளத்தில் அது 3 பாகைச் சாய்வு. ஸ்பிரிங்கோடு இறுக்கப்பட்ட அச்சும் அதே 3 பாகை முன்னோக்கி உருண்டு, இருந்த காஸ்டரை அநேகமாக விழுங்கிவிட்டது. பழைய லாண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளைப் போல் முன் ஸ்பிரிங்கின் பின் முனையில் ஷெக்கிள் இருந்திருந்தால், இதே மாற்றம் காஸ்டரைக் கூட்டியிருக்கும்.

வண்டி மாறியதும் நாவூறு பட்டுவிட்டது என்று வீட்டிலுள்ளோர் சொன்னதால், சக்கரத்துக்கடியில் தேசிக்காய் வைத்து ஏற்றியதாகவும் வாசகர் எழுதியிருந்தார். புதிய வண்டிக்குக் கோணேசர் கோவிலில் பூசை செய்வதை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். ஆனால் திரும்பாத ஸ்டியரிங்கை நாவூறு என்று ஒத்திப்போட்டுவிட்டு, கந்தளாய் வீதியில் வேகமாகப் போவது உயிரோடு விளையாடுவது.

பின் அச்சில் விளைவு வேறு. அங்கே ஷெக்கிள் பின் முனையில் இருப்பதால், அச்சு பின்னோக்கி உருண்டு, இயந்திரத்தின் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் சாஃப்ட் வந்து சேரும் அதன் மூக்கு மேலே தூக்குகிறது. அந்தச் சாஃப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள, கோணத்தில் மடிந்து நின்றும் சுழற்சியைக் கடத்தும் யுனிவர்சல் ஜொயின்ட்டுகளும் ஹூக்கின் பெயரையே தாங்கியவை. கோணத்தில் சுழலும் ஜொயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், 10 பாகையில் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றரை வீதம், 20 பாகையில் 6 வீதம். இரு ஜொயின்ட்டுகளின் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்துவிடும். மூக்கு தூக்கினால் அந்தச் சமநிலை குலைந்து, குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அதிரத் தொடங்கும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரும்பாலான ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தை மீட்கலாம். ஆனால் முன் அச்சில் காஸ்டரை மீட்டால் மூக்கு கீழே குனிந்து அங்கே ஜொயின்ட்டின் கோணம் கூடிவிடும் என்பதால், இரண்டையும் அளந்து நடுவழி ஒன்றைக் காண வேண்டியிருக்கும். என் கருத்தில் உயரம் வேண்டுமானால் ஷெக்கிளை ஓர் அங்குலத்துக்கு மேல் நீட்டுவது சரியல்ல. ஷெக்கிள் கோணத்தைச் சீராக்கும் உறுப்பு, உயரம் கூட்டும் கட்டை அல்ல. நம் பகுதியின் மணலுக்கும் சேற்றுக்கும் எந்தக் கோணம் ஏற்றது என்று அளந்து பார்க்கத் தொழினுட்பக் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு தொகை ஒதுக்கினாலே போதும், பெரிய ஆய்வுகூடங்கள் தேவையில்லை. அதைச் செய்யாதிருப்பது எனக்கு உண்மையான வருத்தம்.

நீண்ட ஷெக்கிளின் இரு பட்டிகளும் பக்கவாட்டில் சாயவும் எளிதாக இடம்கொடுக்கும் என்பதால், அவற்றை நடுவில் குறுக்குத்துண்டால் இணைத்திருக்க வேண்டும். வாசகரின் வண்டியில் அது இருந்தது. இல்லாமற்போனது வேறொன்று. கராஜில் கண்களுக்குள் போல்ட்டைச் சுற்றி இருக்கும் இறப்பர் உறைகளான புஷ்களைப் புதிதாகப் பூட்டிய இளைஞர், வண்டி ஜக்கில் தூக்கியிருந்தபோதே, சக்கரம் தொங்கிய நிலையில் போல்ட்டுகளை முழுவதுமாக இறுக்கியிருந்தார். இறப்பர் புஷ் வழுக்கிச் சுழலாது, முறுகித்தான் இடம்கொடுக்கும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கியதும் அது நாள் முழுவதும் முறுகியபடியே இருந்து விரைவில் கிழிந்துவிடும். சக்கரங்கள் தரையில் நிற்க, போல்ட்டுகளைத் தளர்த்தச் சொன்னேன். கடைசி நட் இளகியபோது முன்பக்கம் ஒரு முனகலோடு சில மில்லிமீற்றர் கீழே அமர்ந்தது, ஷெக்கிள் கண்ணெதிரே வெளிப்புறமாக இன்னும் சற்று நகர்ந்து நின்றது. அந்த இடத்திலேயே வைத்து அவர் போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார்.