கர்நூல் தாண்டினால் வரும் அழுகை

சேலத்தில் மனநல மருத்துவராக இருப்பதால் என்னிடம் லாரி ஓட்டுநர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி, அவர் சம்மதத்தோடும் அடையாளத்தை மாற்றியும் எழுதுகிறேன்.

நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றிப் போகிறவர். மனைவிதான் அழைத்து வந்தார். "மாமனார் போய் எட்டு மாசம் ஆச்சு டாக்டர். இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல, கல்லாட்டம் இருக்கார்" என்றார். அவரைத் தனியே உட்காரவைத்துப் பேசினேன். ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "வீட்ல நாலு பேர் வராங்க, போறாங்க. அழுகை வரமாட்டேங்குது சார். ராத்திரி கர்நூல் தாண்டிட்டா தானா வந்துருது." அப்பா இறந்த செய்தி வந்தபோதும் அவர் அந்தப் பக்கம்தான் இருந்தாராம். ஊர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதை நான் நோய் என்று சொல்லமாட்டேன். வீட்டில் கிடைக்காத இடம் அவருக்கு ஸ்டியரிங் முன்னால் கிடைத்திருக்கிறது. பழகிய கையும் காலும் வண்டியைப் பார்த்துக்கொள்கின்றன. கூப்பிட ஆளில்லை. அந்த மாதிரி நேரத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. வெளிவேலை குறையக் குறைய, பழைய நினைவுகளையும் நாளைய கவலைகளையும் புரட்டிப் பார்க்கும் பகுதிகள் சுறுசுறுப்பாகிவிடும். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மார்கஸ் ரெய்க்கிலும் குழுவினரும் 2001-இல் இதை மூளையின் இயல்பு நிலை என்றே எழுதினார்கள். நெரிசலான ஊருக்குள் ஓட்டும்போது இதற்கு வழியில்லை. நாலுவழிச் சாலைக்கு வந்ததும் கதவு திறந்துகொள்கிறது.

அதனால்தான், காரில் ஏறியதிலிருந்து ஊர் சேரும்வரை போனில் பேசிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். விபத்து பயம் ஒரு பக்கம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட ஒன்று எட்டிப்பார்க்கக் கிடைத்த நேரத்தையும் அடைத்துவிடுகிறார்களே என்பது இன்னொரு பக்கம்.

ஆனால் அவர் அன்றைக்கு வேறொன்றும் சொன்னார். "ரெண்டு டோல்கேட் தாண்டினதே ஞாபகம் இல்ல சார்." எனக்குப் பகீர் என்றது. கண் திறந்திருக்கும், கை ஓட்டும், கவனம் மட்டும் அங்கே இருக்காது. ரோடு நேராகப் போகிறவரைக்கும் சரி. திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அப்படி இருக்க முடியுமா?

யோசனை வருவது நல்லது. அது நகர்கிறதா, செக்குமாடாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதே ஆள், அதே சண்டை, அதே வசனம் ஐம்பது கிலோமீட்டராக ஓடுகிறது, ஆக்ஸிலேட்டரில் கால் தானாக அழுந்துகிறது என்றால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பிரிவது, விற்பது, வேலையை விடுவது போன்ற முடிவுகளை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எடுக்காதீர்கள்.

தூக்கத்தை யோசனை என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் உண்டு. எண்ணம் பாதியில் அறுந்து, எதை நினைத்தோம் என்றே தெரியாமல் போனால் அது தூக்கம். 80 கிலோமீட்டர் வேகத்தில் நாலு விநாடி கண் சொருகினால் வண்டி கிட்டத்தட்ட 90 மீட்டர் போய்விடும். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை இந்த ஆபத்து ரொம்ப அதிகம். பாட்டைச் சத்தமாக வைப்பதும் கண்ணாடியை இறக்கிவிடுவதும் போதாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடமாவது தூங்க வேண்டும்.

அவரிடம் நான் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை. அழுகை வந்தால் அடக்க வேண்டாம், அடுத்த பங்க்கில் நிறுத்தி அழுங்கள் என்றேன். 2025 வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டவிடாமல் நடுவே அரை மணி ஓய்வு தரச் சொன்னது. "லோடு லேட்டானா ஓனர் விடுவாரா சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதைப் படிக்கும் லாரி உரிமையாளர்கள் யாராவது இருந்தால், அந்த அரை மணியைத் தயவுசெய்து கொடுங்கள்.

மனதில் வருவதைப் பேட்டாக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். அப்பாவும் லாரி ஓட்டியவர், போனில் முதலில் கேட்பதே தார்ப்பாய் கட்டியாச்சா என்றுதான் என்று முன்பே சொல்லியிருந்தார். மூன்றாவது முறை வந்தபோது நோட்டை நீட்டினார். முன்பக்கம் டீசல், டோல், சாப்பாடு. பின்பக்கம் சாய்ந்த எழுத்தில் ஒரு வரி:

"அப்பா, ஆதிலாபாத்துல மழை. தார்ப்பாய் கட்டியாச்சு. ஒரு மூட்டைகூட நனையல."