ட்ரையேஜ்: தரம் பிரித்தலா, நிலை பிரித்தலா?

குன்னூருக்கு அருகில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்த அவசர மருத்துவ உதவிப் பயிற்சியில் நான் சேர்ந்திருந்தபோது, முதல் நாள் காலையில் கரும்பலகையில் ஏறிய முதல் சொல் 'ட்ரையேஜ்'. தோட்டத் தொழிலாளர்கள், ஜீப் ஓட்டுபவர்கள், சுய உதவிக் குழுப் பெண்கள், இரண்டு கல்லூரி மாணவர்கள் எனக் கலவையாக அமைந்த அந்த வகுப்பில், பயிற்றுநர் அச்சொல்லை 'தரம் பிரிப்பது' என்று தமிழில் சொல்லிவிட்டு மேலே நகரப் பார்த்தார். கேத்தி பாலாடாவில் கேரட் கழுவித் தரம் பிரித்து மூட்டை கட்டும் வேலையில் இருந்த ஓர் அண்ணன் பின்வரிசையிலிருந்து, "அப்போ நல்ல சரக்கு முதல்ல வண்டி ஏறுமா சார்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பயிற்றுநர் மட்டும் சிரிக்கவில்லை. சாக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தார். மொழிபெயர்ப்பில் எந்த இடம் பிசகியது என்பதை அந்த ஒரு கேள்வி காட்டிவிட்டது.

ஒரே இடத்தில் பலர் காயப்பட்டுக் கிடக்க, உதவ வந்தவர்களும் மருந்தும் வண்டியும் அவர்களுக்குப் போதாத நேரத்தில், யாரை முதலில் கவனிப்பது, யாரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்வது என்று விரைந்து பார்த்து முடிவு செய்வதே ட்ரையேஜ் எனப்படுவது. இது சிகிச்சை அன்று. சிகிச்சைக்கு முந்தைய தீர்மானம். மலைப்பாதையில் இதன் தேவையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 30 அன்று, தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கிய பேருந்து மரப்பாலம் அருகே பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் உயிரிழந்தது இப்பகுதியில் யாருக்கும் மறக்கவில்லை. அத்தகைய இடத்துக்கு முதலில் வந்து சேரும் 108 வண்டியில் இருப்பவர்கள் இருவர்தாம்: 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளர் ஒருவர். சரிவில் கிடப்பவர்களோ ஐம்பது பேராகவும் இருக்கலாம். அடுத்த வண்டி கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும்வரை அந்த இருவரும், முன்பே கூடிவிட்ட ஊர்க்காரர்களும் என்ன வரிசையில் இயங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தே பல உயிர்கள் நிற்கும், போகும்.

சொல்லின் பிறப்புக்கு வருவோம். 'த்ரியே' என்னும் பிரெஞ்சு வினைக்குப் பிரித்தெடுத்தல், பொறுக்குதல் என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் 'த்ரியாஜ்'. வண்டிக்கும் மருத்துவமனைக்கும் வெகு முன்பே இது வணிகரின் சொல்லாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது கம்பளி மயிரைத் தரவாரியாகப் பிரிப்பதை அது குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் காபி வணிகத்துக்குள் வந்து, அங்கே இன்னும் ஒரு படி கீழே இறங்கியது: நல்ல கொட்டைகளைப் பொறுக்கி எடுத்தபின் எஞ்சும் உடைந்த கொட்டைக்கே 'ட்ரையேஜ்' என்று பெயராயிற்று. பிரிக்கும் செயலின் பெயர், பிரித்து ஒதுக்கப்பட்ட கழிவின் பெயராக மாறிவிட்டது. காபியும் தேயிலையும் விளையும் மலையில் இருந்துகொண்டு இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஓர் ஆறுதல் உண்டு. கேரட் அண்ணன் கேட்டது அசட்டுக் கேள்வி அன்று. அச்சொல்லின் பழைய பொருளை அவர் தொழில்வழியே அறிந்திருந்தார்.

ஒரு பிழையையும் இங்கே களைந்துவிடலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மருத்துவமனைகளில் மூன்று பகுதிகள் இருப்பதாலும், ஆங்கிலத்தில் 'ட்ரை' என்று தொடங்கும் சொற்கள் பல மூன்றைக் குறிப்பதாலும், ட்ரையேஜ் என்றால் 'மூன்றாகப் பிரித்தல்' என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அச்சிட்ட கையேடு ஒன்றிலும் அப்படிப் படித்தேன். மூன்றுக்கும் இச்சொல்லுக்கும் உறவில்லை. களத்தில் காயப்பட்டவர் மேல் கட்டும் அட்டையிலோ நிறங்கள் நான்கு: உடனே கவனிக்க வேண்டியவருக்குச் சிவப்பு, சற்றுக் காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள், சிறு காயத்தோடு நடப்பவருக்குப் பச்சை, இறந்தவருக்கோ பிழைக்க வாய்ப்பில்லாதவருக்கோ கறுப்பு.

போர்க்களத்தில் இந்த முறைக்கு வித்திட்டவராகச் சொல்லப்படுபவர், நெப்போலியனின் படையில் தலைமை அறுவை மருத்துவராக இருந்த தொமினிக் ழான் லாரே. தளபதியா, சாதாரணச் சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கொடுமையை மட்டும் பார்த்து முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய விதி. காயப்பட்டோரைக் களத்திலிருந்து விரைந்து அகற்றக் குதிரை பூட்டிய 'பறக்கும் ஆம்புலன்ஸ்' வண்டிகளை அமைத்தவரும் அவரே. ஆனால் இந்தச் சொல்லை அவர் கையாளவில்லை. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையின் பின்னணி முகாம்களில் காயப்பட்டோரைப் பிரித்தனுப்பும் நிலையங்களுக்குப் பெயராகித்தான் அது மருத்துவத்துள் நிலைபெற்றது. கம்பளியிலும் காபியிலும் நல்லது முன்னே போயிற்று, நைந்தது பின்னே தள்ளப்பட்டது. மருத்துவத்தில் மிகவும் நைந்தவர் முன்னே போகிறார். திசை தலைகீழாகத் திரும்பிவிட்டது, சொல் மட்டும் பழையபடியே நின்றது. பிரெஞ்சுக்காரருக்கு இது உறுத்தவில்லை போலும். தமிழில் புதிதாக ஒரு சொல்லைத் தேடும் நமக்கு அந்த உறுத்தலைச் சுமக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

களத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் தமிழ்ச் சொல்லைத் தேர்வது எளிதாகும். எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது, 1983இல் கலிபோர்னியாவில் நியூபோர்ட் பீச் தீயணைப்புத் துறையும் ஹோக் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்டார்ட்' என்னும் முறை. ஒருவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடக் கூடாது. முதலில் உரத்த குரலில், "நடக்க முடியறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று அழைக்க வேண்டும், வந்தவர்கள் பச்சை. வராதவர்களிடம் நாம் போக வேண்டும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்துத் தாடையை உயர்த்திச் சுவாசப் பாதையைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் மூச்சு வரவில்லையென்றால் கறுப்பு, வந்துவிட்டால் சிவப்பு. நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லையென்றால் சிவப்பு. "கண்ணை மூடித் திறங்க" என்றதற்கு இணங்கிச் செய்யாவிட்டாலும் சிவப்பு. இவை எல்லாவற்றிலும் தேறியும் எழுந்து நடக்க இயலாதவர் மஞ்சள். இதற்கிடையே அனுமதிக்கப்படும் கைவேலை இரண்டே: சுவாசப் பாதையைத் திறப்பது, பெருகும் இரத்தத்தை நிறுத்துவது.

நாடி பார்க்கும் படியில் எங்கள் பயிற்றுநர் சற்று நின்றார். முதலில் வகுக்கப்பட்ட முறையில் அந்த இடத்தில் இருந்தது நகச் சோதனை: விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். டிசம்பர் மாதம், காலை ஏழரை மணி. வகுப்பில் இருந்த எல்லோரும் எங்கள் நகங்களையே அழுத்திப் பார்த்தோம். காயம் ஏதுமற்ற, தேநீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த எங்களில் பாதிப் பேருக்கு இரண்டு விநாடிக்குள் சிவக்கவில்லை. குளிரில் விரல்நுனி இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதே காரணம். உறைபனிக் காலத்து உதகையில் அந்தச் சோதனையை நம்பினால் ஊரில் பாதிக்குச் சிவப்பு அட்டைதான் கட்ட வேண்டியிருக்கும். குளிரிலும் இருட்டிலும் இச்சோதனை ஏமாற்றும் என்பதால்தான் பிற்காலத்தில் அதை எடுத்துவிட்டு மணிக்கட்டு நாடியை வைத்தார்கள். நாடி பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை.

இனித் தமிழ்ச் சொற்கள். 'தரம் பிரித்தல்' முதலில் நாவில் வருவது. நீலகிரியில் பசுந்தேயிலைக் கொள்முதல் முதல் உருளைக்கிழங்கு மண்டி வரை புழங்குவது. ஆனால் 'தரம்' மதிப்பைச் சுட்டும். முதல் தரம் என்றால் சிறந்தது, மூன்றாந்தரம் என்றால் ஏளனம். மனிதருக்கு அதைச் சொல்லவே கூசும், திசையும் தவறு. 'வகைப்படுத்தல்' குறையற்றது, ஆனால் நூலகத்தில் புத்தகத்துக்கும் அதுவே என்பதால் அவசரத்தின் சூடு அதில் ஏறவில்லை. 'முன்னுரிமைப்படுத்தல்' அலுவலகக் கோப்பின் நடை. சரிவில் நின்று கூவ முடியாத நீளம், அதோடு 'உரிமை' என்னும் சொல் உள்ளே இருப்பதால் மஞ்சள் அட்டைக்காரரின் உறவினர் வாதாடவும் இடம் தரும். 'தெரிவு' நல்ல பழஞ்சொல். தெரிதல் என்பதற்கு ஆராய்ந்து தேர்தல் என்ற பொருள் உண்டு என்பதைத் திருக்குறளின் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத் தலைப்பே சொல்லும். ஆயினும் இன்றைய வழக்கில் தெரிவானவர் வென்றவர், தெரிவாகாதவர் விலக்கப்பட்டவர். புடைத்தல், கொழித்தல், ஆய்தல் ஆகியவை அழகிய வினைகள்தாம், ஆனால் முறமும் கீரையும் கண்முன் வந்து நிற்கும்.

நான் பரிந்துரைப்பது 'நிலைபிரித்தல்'. மக்கள் ஏற்கெனவே சொல்லும் தொடரில் ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறது. 'தரம்' போய் 'நிலை' வருகிறது. தரம் ஒருவரின் மீது ஒட்டிக்கொள்ளும், நிலையோ மாறும். மஞ்சள் அட்டை கட்டியவர் பத்து நிமிடத்தில் சிவப்பாகலாம். ஆகவே திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது இம்முறையின் உயிரான விதி. "நிலைமை எப்படி இருக்கு?" என்றுதான் மருத்துவமனை வாசலில் எவரும் கேட்கிறோம்; 'கவலைக்கிடமான நிலை' என்றே செய்தித்தாளும் எழுதுகிறது. 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' (குறள் 949) என்று வள்ளுவர் மருத்துவருக்கு அடுக்கிச் சொன்ன மூன்றும் சேர்ந்ததையே இங்கே நிலை என்கிறோம்.

நிறப் பெயர்களிலும் ஒரு தமிழ்ச் சிக்கல் உண்டு. 'பச்சை' நமக்கு ஆறாததன், இளையதன் பெயர். பச்சைப் புண் என்றால் தொட்டாலே வலிக்கும் புதுப் புண். பச்சை உடம்பு என்றால் பிள்ளை பெற்றவளின், காற்றுப் படாமல் காக்க வேண்டிய உடம்பு. "இவருக்குப் பச்சை" என்று ஒத்திகையில் ஒருவர் கூவியதும், கோத்தகிரியிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா தூக்குப்படுக்கையுடன் அவரை நோக்கித்தான் முதலில் ஓடினார். தவறு அவருடையது என்று எனக்குத் தோன்றவில்லை. நிறத்தோடு 'நடப்பவர்' என்றும் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை அன்று மாலையே வகுப்பு ஏற்றுக்கொண்டது. அதே ஒத்திகையில் கத்திக்கொண்டிருந்தவரிடம் நான்கு பேர் கூடியிருக்க, தேயிலைச் செடிக்கு அடியில் சத்தமின்றிப் படுத்திருந்த 'சிவப்பு' மாணவனை யாரும் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கத்துகிறவருக்குச் சுவாசப் பாதை திறந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கத்தலே சான்று.

இந்தப் பணியைச் செய்பவருக்குரிய பெயரைப் பற்றி ஒரு வரி. பருவமழைக்கு முன் மாவட்ட நிர்வாகம் ஊர்தோறும் பட்டியலிடும் தன்னார்வலரை அரசு அறிவிப்புகள் 'முதல்நிலை பொறுப்பாளர்' என்கின்றன. ஆங்கிலத்தில் இவர்களைக் குறிக்கும் 'ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' என்பதில் உள்ள 'ரெஸ்பாண்டர்' என்பதற்கு இது நேர்ச்சொல் அன்று என்று குறை கூறுவோர் உண்டு. பதிலளிப்பவர், எதிர்வினையாளர் என்றெல்லாம் பெயர்த்து வைப்பதைவிட, முதலில் வந்து பொறுப்பேற்பவர் என்னும் பொருள் தரும் இதுவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நிலைபிரித்தல் என்பதிலிருந்து வேண்டிய பிற சொற்களும் இடரின்றிக் கிளைக்கின்றன: நிலைபிரிப்பு அட்டை, நிலைபிரிப்பு இடம், நிலைபிரிப்பாளர், மறுநிலைபிரிப்பு. பயிற்சியின் கடைசி நாளில் நாங்களே தாளில் வெட்டிய அட்டைகளில் மேலே 'நிலை' என்றும், அதன் கீழே 'பார்த்த நேரம்' என்றும் எழுதினோம். நேரத்துக்கு மூன்று கட்டங்கள் விட்டிருந்தோம். கேரட் அண்ணன் தம்முடையதில் நான்காவதாக ஒன்று கோடிட்டுக்கொண்டார். பர்லியாரிலிருந்து வண்டி மேலே ஏறி வர மூன்று போதாது என்றார்.