படகு கேபினில் வெனீர் ஒட்ட ‘வாட்டர்ப்ரூஃப்’ பசை மட்டும் போதாது

மறுபடியும் ஒரு கேபின். ஜன்னலுக்குக் கீழே ப்ளைவுட்டின் மேல் ஒட்டிய தேக்கு வெனீர், அதாவது மெல்லிய மரத்தோல், உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நிற்கிறது; விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம். வார்னிஷ் அடித்து ஒரு கோடைகூட முழுசாகத் தாண்டவில்லை. ஒட்டியவரைக் கேட்டால் அதே பதில்: “வாட்டர்ப்ரூஃப் பசைதானே சார் போட்டோம்!”

கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வாட்டர்ப்ரூஃப்தான், யார் இல்லை என்றது? மைக்கா ஒட்டுகிற ரப்பர் பசை தண்ணீருக்கு அவ்வளவு சீக்கிரம் அசராது. ஆனால் கேபினுக்குள் வெனீரைக் கிளப்புவது பெரும்பாலும் தண்ணீர் அல்ல. சூடும், மரத்தின் அசைவும்தான். சித்திரை வெயிலில் பூட்டிக்கிடக்கும் கேபினில், டெக்குக்கு அடியில் 50 டிகிரி சர்வசாதாரணம். மரம் பகலில் காய்ந்து சுருங்கும், இரவு ஈரக்காற்றில் விரியும். ரப்பர் பசை காய்ந்த பிறகும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். சூட்டில் இன்னும் இளகும். அதன்மேல் 0.5 மி.மீ. வெனீர் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து ஓரிடத்தில் உப்பும், இன்னோரிடத்தில் மூட்டு வாய்பிளக்கும். போதாக்குறைக்கு, வார்னிஷில் கலந்த தின்னர் வெனீரின் துளைகள் வழியே இறங்கிப் பசையைக் கரைக்கும். மைக்கா தின்னரை உள்ளே விடாது. ஆகவே “மைக்காவுக்கு நின்றதே” என்ற வாதம் இங்கே செல்லாது.

வெள்ளைப் பசை டப்பாவில் ‘டி4’ என்று போட்டிருப்பதைக் காட்டுவார்கள். அது ஈரத்தைத் தாங்கும் தரம். சூட்டுக்கு ஈஎன் 14257 என்று தனி ஐரோப்பியச் சோதனையே உண்டு. வெள்ளைப் பசையைப் பூசிக் காயவைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் முறை வீட்டு அலமாரிக்குச் சரி. சூட்டில் இளகும் பசை என்பதால்தான் அந்த முறையே பலிக்கிறது!

யூரியா ஃபார்மால்டிஹைடு பவுடர் பசை காய்ந்தால் இறுகிவிடும், வெனீர் நகராது. ஈரம் படாத கதவுக்கும் மேசைக்கும் போதும். ஒழுகும் ஜன்னலுக்கடியில் வேண்டாம்.

மற்ற இடத்துக்கெல்லாம் எப்பாக்ஸிதான், அதாவது ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை. அதுவும் கடும் சூட்டில் கொஞ்சம் இளகும், ஆனால் உருகி வழுக்காது. பழைய வார்னிஷை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் மரம் தெரியும்வரை தேயுங்கள். மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். தேக்கு எண்ணெய்ப் பிசுக்குள்ள மரம். ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டிவிட வேண்டும். முதலில் ப்ளைவுட் குடிக்கும் அளவுக்கு வெறும் எப்பாக்ஸி. அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே, சிலிக்கா தூள் சேர்த்துத் தோசை மாவுப் பதத்துக்குக் கெட்டியாக்கியதை ரோலரில் மெல்லிசாக ஒரு கை. சதுர மீட்டருக்கு 200 கிராம் போதும். பூசுவது ப்ளைவுட்டில் மட்டும். வெனீரில் பூசினால் அது சுருளும், பசையும் மேலே கசியும். கசிந்த இடத்தில் ஸ்டெயின் (மரச்சாயம்) ஏறாது. மேலே பாலிதீன் தாள், அதன்மேல் 6 மி.மீ. ப்ளைவுட், ரீப்பரால் முட்டுக்கொடுத்து 24 மணி நேரம். முறுக்கி இறுக்காதீர்கள், பசை முழுவதும் பிதுங்கிப்போனால் எது ஒட்டும்?

ஃபைபர் வேலை பார்த்துப் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனரைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவீர்கள். எப்பாக்ஸியில் அது நடக்காது. டப்பாவில் உள்ள விகிதம் தப்பினால் என்றைக்கும் சரியாக இறுகாது. வேகம் குறைய வேண்டுமானால் ஸ்லோ ஹார்டனர் வாங்குங்கள்.

கடையில் வெனீர் என்று கேட்டால் பெரும்பாலும் 4 மி.மீ. ப்ளைவுட்டில் ஒட்டிய ஷீட்டைத்தான் தருவார்கள். அந்த அடிப் ப்ளைவுட் படகுக்கு ஏற்ற தரமா என்று கேட்டு வாங்குங்கள். ஈரத்தை ஓரளவே தாங்கும் எம்ஆர் தரம் என்றால் உங்கள் பசை நிற்கும், ப்ளைவுட் அடுக்கடுக்காகப் பிரியும். எதுவானாலும் வெட்டிய ஓரங்களை எப்பாக்ஸியால் அடைத்துவிடுங்கள்.

சந்தேகமிருந்தால் ஒரு சாண் துண்டில் ஒட்டி, ஒரு வாரம் வெயிலில் கேபினுக்குள்ளேயே போட்டுவிட்டு உளியால் கிளப்புங்கள். மரநார் கிழிந்து வந்தால் நல்ல ஒட்டு. பசை மட்டும் உரிந்தால் படகில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, தயவுசெய்து: ரப்பர் பசையோ அசிட்டோனோ, கேபினை மூடிக்கொண்டு திறக்காதீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது; இறங்கிப் படகின் அடித்தட்டில் தேங்கும். அங்கே தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் ஒரு பொறி போதும். முதலில் பேட்டரியைத் துண்டியுங்கள், ஜன்னல்களைத் திறங்கள். எப்பாக்ஸிக்குக் கையுறை கட்டாயம். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அசிட்டோனால் துடைக்காதீர்கள். அது பிசினைத் தோலுக்குள் இறக்கிவிடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எப்பாக்ஸி டப்பாவையே தொட முடியாது.