பயாப்சி – திசு ஆய்வு

மார்பில் கட்டி தென்பட்டு, மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படத்திலும் ஐயம் எழுந்தால், மருத்துவர் அடுத்ததாக எழுதித் தருவது 'பயாப்சி'. கட்டியிலிருந்து சிறிதளவு திசுவை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து, அது புற்றுநோய்தானா என்று உறுதிசெய்யும் சோதனை இது.

கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் உயிர், 'ஆப்சிஸ்' என்றால் பார்வை. இவ்விரண்டையும் இணைத்த சொல்லை 1879-இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுத் தோல்நோய் மருத்துவர் எர்னெஸ்ட் பெனியே. பிணத்தை அறுத்துப் பார்க்கும் 'நெக்ராப்சி'க்கு மாறாக, உயிரோடிருப்பவரின் உடலிலிருந்து எடுத்துப் பார்ப்பதை அது குறித்தது.

தமிழில் இதை 'உயிர்ப்பார்வை' என்று ஆக்கினால் எவருக்கும் விளங்காது. தமிழ்நாட்டில் திசுப் பரிசோதனை, திசு ஆய்வு என்கிறோம். இலங்கையில் திசுவுக்கு இழையம் என்று பெயராதலால் இழையப் பரிசோதனை என்பர். 'சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்' என்பது வீட்டுப் பேச்சு. எதை எடுத்து என்ன செய்கிறார்கள் என்பதைத் தானே சொல்லிவிடும் 'திசு ஆய்வு' என்பதே பொருத்தமானது என்பேன்.

மார்பகக் கட்டியிலிருந்து திசு எடுக்கப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. தோல் மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் திரையில் கட்டியைப் பார்த்தபடியே, விசையுள்ள தடித்த ஊசியைச் செலுத்துவார்கள். 'டக்' என்ற ஒலியோடு நூல்போன்ற வெண்ணிறத் துணுக்கு ஊசியில் வந்துவிடும். அதைத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இட்டு, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிய பிறகே நோய்க்குறியியல் மருத்துவர் பார்ப்பார் என்பதால், முடிவு வரச் சில நாட்களாகும். ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்று அஞ்சிச் சோதனையைத் தள்ளிப்போடும் பெண்கள் இன்றும் பலர். திசு ஆய்வால் உயிர்வாழும் காலம் குறைவதில்லை, நோயைக் கண்டறியாமல் கழியும் மாதங்களே ஆபத்தானவை.

புற்றுநோய் என உறுதியானால், அதே துணுக்கில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்-2 ஏற்பிகளையும் (வளரத் தூண்டும் சமிக்ஞைகளை ஏற்கும் செல் புரதங்கள்) சோதிப்பார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால் டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளும், ஹெர்-2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசியும் பயன்தரும். 'டிரிபிள் நெகட்டிவ்' என்று அறிக்கையில் கண்டு, நோயே இல்லையென மகிழ்ந்துவிடக் கூடாது. மூன்று ஏற்பிகளும் இல்லாத புற்றுநோய் என்பதே அதன் பொருள், அதற்குக் கீமோதெரபியே முதன்மையான மருந்துச் சிகிச்சை.