ஒரே ஒரு முறை மூடும் கதவு

"பிரமிடுக்குள் தங்கமும் இல்லை, ராஜாவின் உடம்பும் இல்லை. பிறகு எதை வைத்து அதைக் கல்லறை என்று அடித்துச் சொல்கிறீர்கள்? தானியக் கிடங்காகவோ மின் நிலையமாகவோ ஏன் இருக்கக் கூடாது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தன் வீட்டு வரவேற்பறையில் இருக்கும் வாஸ்து பிரமிடைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொன்னால் மனஸ்தாபம்தான் மிஞ்சும் என்பதால் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

வழக்கமான சான்றுகள் நிறையவே உண்டு. கி.மு. 2350 வாக்கில் ஆண்ட உனாஸின் பிரமிடுக்குள் நுழைந்தால், இறந்த மன்னன் எழுந்து வானேறுவதற்கான மந்திரங்கள் சுவர் முழுக்கச் செதுக்கப்பட்டிருக்கின்றன. பல பிரமிடுகளில் கல் சவப்பெட்டி அதே இடத்தில் கிடக்கிறது. செத்த மன்னனின் 'கா' என்ற உயிராற்றலுக்குப் பசிக்கும் என்பது எகிப்தியர் நம்பிக்கை. அதனால் பிரமிடை ஒட்டி ஒரு கோயில், அந்தக் கோயிலுக்கு மானிய நிலம், முறை வைத்துப் படையல் போட பூசாரிகள். அபுசீர் என்ற இடத்தில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களில் யாருக்கு எந்த முறை என்ற பட்டியலே இருக்கிறது.

இதெல்லாம் சரி. எனக்குப் பிடித்த சாட்சி மணல்தான்.

12ஆம் வம்சத்து மன்னர் மூன்றாம் அமெனெம்ஹத், ஃபாயூம் பகுதியில் ஹவாரா என்ற இடத்தில் ஒரு பிரமிடு கட்டினார். அதன் அடியில் உள்ள அறையைக் கல் கல்லாக அடுக்கிக் கட்டவில்லை. குவார்ட்சைட் என்ற மிகக் கடினமான கல்லில் ஒரே பாறையைத் தொட்டி மாதிரிக் குடைந்து குழிக்குள் இறக்கியிருக்கிறார்கள். 1880களின் இறுதியில் அங்கே தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, அதன் எடை சுமார் 110 டன் என்று கணக்கிட்டார். தொட்டிக்கு மூடியும் குவார்ட்சைட்தான், பல டன் எடையுள்ள பலகைகள்.

சிக்கல் இங்கேதான். மன்னர் எப்போது சாவார் என்று யாருக்கும் தெரியாது. அறை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், மேலே பிரமிடும் எழுந்துகொண்டிருக்கும். அதுவரை மூடி திறந்தே இருக்க வேண்டும், உடலை உள்ளே வைத்ததும் மூட வேண்டும். அதற்குள் தலைக்கு மேல் பிரமிடு வந்துவிட்டிருக்கும். நூறு பேர் நின்று கயிறு இழுக்கவோ நெம்புகோல் போடவோ இடம் ஏது?

இந்த மன்னருக்குப் பின்னால் 13ஆம் வம்சத்தில் வந்த கெஞ்ஜெரின் பிரமிடு தெற்கு சக்காராவில் இருக்கிறது. அங்கே இதற்கான விடை தெளிவாகவே தெரிகிறது. கூரைக்கல்லை அதன் இடத்துக்கு மேலே தூக்கி, முட்டுக்கட்டைகளில் நிறுத்தினார்கள். அந்த முட்டுகள் நின்றது தரையில் இல்லை, மணல் நிரப்பிய செங்குத்துக் குழிகளில். குழிகளின் அடிப்பக்கத்துக்குப் போக ஒரு சுரங்கம். மன்னரை உள்ளே கிடத்தியதும் ஆட்கள் சுரங்கத்துக்குள் போய்க் குழியின் அடியைத் திறந்தார்கள். மணல் சரசரவென்று வெளியே கொட்ட, முட்டுகள் கீழே இறங்கின. கூடவே கல்லும் இறங்கிப் பொருந்திக்கொண்டது. பாரம் தூக்கியும் இல்லை, கயிறும் இல்லை.

ஏன் மணல்? குழியில் நிறைந்த மணல் அமுங்காது, எத்தனை வருடமானாலும் மக்காது. ஆனால் வழி விட்டால் ஓடும். ஓடும்போதும் தண்ணீரைப் போல ஓடாது என்பதுதான் அழகு. தொட்டியில் தண்ணீர் மட்டம் உயர உயர, அடியில் உள்ள குழாயில் வேகம் கூடும். மணலில் அப்படி இல்லை. மணிகள் ஒன்றையொன்று முட்டி வளைவு வளைவாகப் பிடித்துக்கொண்டு, பாரத்தின் பெரும்பகுதியைச் சுவர்மேல் சாய்த்துவிடும். சுவரின் உராய்வு அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு ஆழத்துக்குப் பிறகு அடியில் உள்ள அழுத்தம் கூடுவதே இல்லை. 1895இல் ஜான்சென் என்ற ஜெர்மன் பொறியாளர் தானியக் களஞ்சியங்களை அளந்து இதைக் கணக்காக எழுதினார். நெல் குதிரின் அடித்துளையைத் திறந்தவர்களுக்கு இது கண்ணாலேயே தெரியும்: குதிர் நிறைந்திருந்தாலும் பாதி காலியானாலும் நெல் ஒரே சீராகத்தான் விழும்.

மேலே டன் கணக்கில் கல் உட்கார்ந்திருந்தும் கீழே துளையைத் திறந்தவர் மேல் மணல் பீறிட்டு அடிக்காததற்குக் காரணம் இதுதான். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தால் கல் சாயாமல் இறங்கும். (மணல் கொட்டுவதை ஆராயவா அரசுப் பணம் என்று அவ்வப்போது யாராவது கேட்பார்கள். ஜான்சென் கணக்கு தெரியாமல் சிமெண்ட் களஞ்சியம் கட்டிப் பார்க்கட்டும்.)

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். இது ஒரே ஒரு முறை மட்டுமே வேலை செய்யும் கதவு. ஓடிய மணலைத் திரும்ப நிரப்பிக் கல்லைத் தூக்க வழி கிடையாது, அப்படி ஒரு எண்ணமும் அவர்களுக்கு இல்லை. தானியக் கிடங்குக்கு யாராவது இப்படிக் கதவு வைப்பார்களா? ஒருவரை உள்ளே வைத்து, இனி திறக்கவே போவதில்லை என்று முடிவு செய்தவர்கள்தான் வைப்பார்கள்.

திருடர்கள் வேறு விதமாக முடிவு செய்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லையே என்பதற்கு அவர்கள் வாக்குமூலமே பதில். மன்னர் ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில், கி.மு. 1110 வாக்கில், எகிப்தின் தீப்ஸ் நகரில் பிடிபட்ட அமென்பனூஃபெர் சொன்னது பாப்பிரஸில் பதிவாகியிருக்கிறது. தொழிலில் அவர் கல்தச்சர். கூட்டாளிகளோடு தாமிரக் கருவிகளை எடுத்துப் போய், இரண்டாம் சோபெகெம்சாஃப் மன்னரின் பிரமிடைக் குடைந்து உள்ளே நுழைந்தார். மன்னர், அரசி உடல்களிலிருந்த தங்கத்தை உரித்தார்கள், சவப்பெட்டிகளைக் கொளுத்தினார்கள். தங்கம் 160 தெபென் (அந்தக் கால எகிப்திய எடை அளவு), ஏறக்குறைய பதினாலரை கிலோ. எட்டுப் பேருக்கு ஆளுக்கு 20.

பிறகு அவர் மாட்டிக்கொண்டார். தன் பங்கு 20 தெபெனையும் ஒரு எழுத்தருக்கு லஞ்சமாகக் கொடுத்து வெளியே வந்தார். கூட்டாளிகள் அதை ஈடுகட்டிக் கொடுக்க, மறுபடியும் கல்லறைகளுக்கே போனார்.